ஒரு கொட்டகைக்கு இடம் தாருங்கள்

மலாக்கா மாநிலத்து அலோர் காஜா வட்டார ஆலய நிர்வாகத்தினருக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், இளைஞர் மன்றத்தினருக்கும் ஒரு திறந்த மடல்



உங்களிடம் பணம் கேட்டு இதை எழுதவில்லை. அதைக் கேட்க ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் கேட்பது நிழல். உங்கள் ஆலய வளாகத்திலோ பள்ளித் திடலின் ஓரத்திலோ நல்ல மரம் நிற்கிற ஒரு மூலை. அங்கே கடும் நோயில் இருக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து, சில மணி நேரம் இருந்துவிட்டுப் போக ஒரு சின்னக் கொட்டகை. அங்கே வைத்தியம் நடக்காது, பூசை நடக்காது, பிரசங்கமும் நடக்காது.

நான் காடேக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அரசாங்கத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலத்தில் பெரும்பகுதி பிள்ளைகள் வார்டில் போயிற்று. அந்தப் பழக்கத்தில், ரும்பியாவிலும் பூலாவ் செபாங்கிலும் மஸ்ஜித் தானாவிலும் யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை நோயில் விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். போய்ப் பார்ப்பேன். அப்படிப் பார்த்த வீடுகளை மனத்தில் வைத்துத்தான் இந்த மடல்.

கடும் நோய் என்றதும் எல்லாரும் புற்றுநோயைத்தான் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதி. தசைகள் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து, ஓடிக்கொண்டிருந்தவன் நடக்கவும் நடந்தவன் உட்காரவும் மட்டும் முடிகிற பையன்கள் இருக்கிறார்கள். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, பத்து வயதிலும் கழுத்து நிற்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகி வயிற்றில் குழாயோடு இருக்கிறவர்கள், மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாப் பிள்ளைகள், இதயக் கோளாறோடு மூச்சிரைத்துக்கொண்டு வளர்கிறவர்கள் எல்லாரும் நம் தாமான்களில்தான், நம் குடியிருப்புகளில்தான் இருக்கிறார்கள். நமக்குக் கண்ணில் படுவதில்லை. காரணம், அவர்களை வெளியே கூட்டிவர இடமில்லை.

இரத்தப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதுதான் அதிகம். அலோர் காஜாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, மலாக்கா நகரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இந்த நோய் என்று தெரிந்தால் பெரும்பாலும் கோலாலம்பூருக்குத்தான் அனுப்புவார்கள்: துங்கு அசிசா மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், அல்லது செராஸில் உள்ள மருத்துவமனை. சிம்பாங் அம்பாட் டோலில் ஏறினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நிணநீர் வகை இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை மருந்து ஓடும். முதல் சில மாதங்கள் வார்டுவாசம். அதற்குப் பிறகு வீட்டில்தான், மாத்திரையும் இரத்தப் பரிசோதனையுமாக. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் காலத்தில் பள்ளிக்குப் போகக் கூடாது, கூட்டத்தில் கலக்கக் கூடாது, திருவிழாவுக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்குள் படிப்பு விட்டுப் போகாமலிருக்க 2011 முதல் மருத்துவமனைப் பள்ளிகள் நடக்கின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு நான்கு சுவரும் ஒரு கைப்பேசியும்தான்.

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களைக் காலி செய்தபோது நம்மவர்கள் போய்ச் சேர்ந்த மலிவுவிலைத் தொடர்வீடுகள். முன்னால் கார் நிறுத்த சிமெண்டுத் தரை, அதைத் தாண்டினால் லொங்காங் என்கிற வடிகால், அதைத் தாண்டினால் தார்ச்சாலை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சிமெண்டில் கால் வைக்க முடியாது.

அப்படியொரு வீட்டில் தசை நோய் உள்ள ஒரு பையன். பதின்மூன்று வயதிருக்கும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் லொங்காங்கின் இரும்புக் கம்பிமூடிக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதால் அவன் அப்பா ஒரு பலகையை வெட்டி வைத்திருந்தார். மாலையில் அந்தப் பலகையைப் போட்டு, அவனைச் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வீட்டு ரம்புத்தான் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவார். அவன் ஒன்றும் பேசமாட்டான். கிளையில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். எந்த எறும்பு எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே இலை விட்டுப்போனது என்று மறுநாள் தம்பிக்குச் சொல்வான். அவன் உடம்பில் விரல்களும் கண்களும்தான் சொன்னபடி கேட்டன. அந்த மரத்தடியில் அவை போதுமானதாக இருந்தன. பிறகு அந்த எதிர்வீட்டுக்காரர் வீட்டை முன்னால் இழுத்துக் கட்டினார்; மரம் போயிற்று. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் இடம், அவர் மரம். ஆனால் ஒரு பிள்ளைக்கு இருந்த ஒரே வெளியிடம் இன்னொருவரின் முடிவில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அதுதான் என் வாதம் முழுவதும்.

நம் தோட்டங்களுக்கு இது புதிய எண்ணமும் அல்ல. ஆயாக்கொட்டகையை நினைத்துப் பாருங்கள். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிகமாக ரப்பர் நட்ட நாளிலிருந்து இந்த மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு விடியுமுன்னே பால் வெட்டப் போகும் தாய்மார்களும் பெருகினார்கள். குழந்தைகளை விட்டுப்போக ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் கிடந்த ஆயாக்கொட்டகை இப்படி: நான்கு பக்கமும் இடுப்பளவுப் பலகைச் சுவர், அதற்குமேல் திறந்த வெளி. உத்தரத்தில் வரிசையாகக் கயிறு கட்டி, கைலித் தொட்டில்கள். வாசலில் ஒரு பெரிய மரம். ஆயா ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவார். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அதைக் கட்டியது துரைமாரின் கருணையினால் அல்ல. தாய்மார்கள் வெட்டுக்கு வர வேண்டும், சட்டமும் கேட்டது, அவ்வளவுதான். நோக்கம் எதுவாக இருந்தாலும் கட்டடம் நல்ல கட்டடம். இன்று நோயுற்ற பிள்ளைகளுக்கு எப்படி இடம் கட்டுவது என்று வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் யோசித்துச் சொல்வதில் பாதி அந்தக் கொட்டகையில் இருந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நார்வே நாட்டில் ஒஸ்லோ நகரின் ரிக்ஸ் மருத்துவமனைக்கு வெளியே, வாசலிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தூரத்தில், ஓடைக்கரைக் காட்டுக்குள் 2018இல் ஒரு மரவீடு எழுப்பினார்கள். ஸ்னோஹெட்டா என்ற கட்டடக் கலை நிறுவனம் வரைந்தது. கிறிஸ்தியான்சான் நகரத்து மருத்துவமனையிலும் அதே போல ஒன்று. பரப்பளவு 35 சதுர மீட்டர்தான். நம் தொடர்வீட்டைவிடச் சின்னது. ஒரு பெரிய அறை, உட்கார்ந்து பேச ஒரு சிறிய அறை, ஒரு குளியலறை. நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு வாசல். சன்னல்களை முழுதாகத் திறந்துவிடலாம். பிள்ளைகள் இழுத்துப்போட்டு வீடு கட்டி விளையாட வண்ண வண்ணமாகப் பெரிய திண்டுகள். இந்த வேலைக்கு முன்நின்றவர் அந்த மருத்துவமனையில் பிள்ளைகளோடு பணியாற்றிய மரேன் லிண்ட்ஹைம் என்ற உளவியலாளர். வார்டு வாசனையும் கருவிச் சத்தமும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள், வேறு மாதிரி இருக்கிறார்கள் என்பதைக் கண்டுதான் அவர் இதைக் கேட்டு வாங்கினார். பனி பெய்கிற நாட்டில் அப்படியொன்று நடக்குமானால், ஆண்டு முழுதும் வெளியே உட்காரக்கூடிய நம் ஊரில் ஏன் நடக்கக் கூடாது?

மரத்தைப் பார்த்தால் நோய் தீருமா என்று சிலர் கேட்பீர்கள். தீராது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம்மிடையே இலை, வேர், மந்திரத் தண்ணீர் விற்கிறவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரியும். அமெரிக்காவில் ராஜர் உல்ரிக் என்பவர் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன. சின்ன ஆய்வு, பெரியவர்களை வைத்துச் செய்தது. ஆனால் உலகெங்கும் மருத்துவமனை கட்டுகிறவர்களை அது யோசிக்க வைத்தது. நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரின் யீஷூனில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையைப் போய்ப் பாருங்கள். ஒரு குளத்தை ஒட்டிக் கட்டி, நடுமுற்றத்தைத் தோட்டமாக விட்டு, கூரைமேல் காய்கறி போட்டிருக்கிறார்கள்; அதை அக்கம்பக்கத்துத் தொண்டர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஆலயத்தின் பேரில் ஆண்டுதோறும் பஸ் எடுத்துச் சுற்றுலா போகிற நீங்கள், ஒரு முறை அங்கே போகலாம்.

ஆலயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், தொடர்பு ஆயிரம் வருடத்துக்கு நெருங்கியது. காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலோடு சேர்ந்து வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்தது. 15 படுக்கைகள். வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இரவு விளக்குக்கு எண்ணெய் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நோயாளியைக் கோயில் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. அபிஷேகமும் நடந்தது, ஆதுலர் சாலையும் நடந்தது. வேறு மதத்தில் பார்த்தால், உலகின் முதல் சிறுவர் நல்வாழ்வில்லம் என்று சொல்லப்படும் ஹெலன் ஹவுஸ் 1982இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கன்னிமடத்தின் தோட்டத்தில்தான் எழுந்தது. மூளையில் கட்டி வந்து அறுவைக்குப் பிறகு அசைவற்றுப்போன ஹெலன் என்ற சிறுமியை, அவள் பெற்றோருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று சிஸ்டர் பிரான்சஸ் டொமினிக்கா அவ்வப்போது தன் மடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்தது அந்த இல்லம். மடத்துக்குச் சொந்தமாக நிலம் இருந்தது, அதில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அதுவேதான். அதைவிடச் சின்ன அளவில்.

இனிக் கட்டுகிற விஷயம். இதில் நான் கொஞ்சம் நச்சரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மரத்தை வெட்டாதீர்கள். நிலத்தைச் சமப்படுத்துகிறேன் என்று புல்டோசர் வந்து எல்லாவற்றையும் வழித்துவிட்டு, பிறகு தொட்டியில் செடி வாங்கி வைப்பது நம் வழக்கம். முப்பது வருட மரத்தின் நிழலை எந்த ஒப்பந்தக்காரராலும் அடுத்த வாரம் கொண்டுவந்து இறக்க முடியாது. மா, கொய்யா, வேம்பு, சரக்கொன்றை எதுவானாலும் நிற்கிற மரத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போடுங்கள். டுரியான் மட்டும் வேண்டாம்; பழக்காலத்தில் அதன் அடியில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்பது கம்பத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். பழைய கிளைகளை ஆண்டுக்கொரு முறை கழித்துவிடுங்கள். நீரிணையிலிருந்து விடியற்காலையில் சுமத்ராக் காற்று அடித்தால் எது முறியும் என்று சொல்ல முடியாது.

அரளி வேண்டாம். ஆலய வளாகங்களில் பூசைக்கென்று அரளியை வரிசையாக நடுகிறோம். இலை, பூ, பால் எல்லாம் நஞ்சு. நேரே இதயத்தைப் பிடிக்கும். வாயில் எதையும் வைக்கிற பிள்ளைகள் வருகிற இடத்தில் அது இருக்கக் கூடாது. செம்பருத்தி வையுங்கள், கறிவேப்பிலை வையுங்கள், துளசி வையுங்கள். மல்லிகையைத் தள்ளி வையுங்கள். கீமோ மருந்து ஏறுகிற பிள்ளைக்கு வாசனையே வாந்தியைக் கொண்டுவரும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி, அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தத் தாய் இரண்டு வருடம் பூவே வைக்கவில்லை. ஊதுபத்தி, சாம்பிராணிக்கும் இதே கணக்குதான். ஆகவே கொட்டகை கருவறையிலிருந்தும் யாகசாலையிலிருந்தும் காற்று வராத திசையில் இருக்கட்டும். உறுமி மேளமும் ஒலிபெருக்கியும் எட்டாத தூரம் என்றால் இன்னும் நல்லது. நம் கோயில்களில் அப்படி ஒரு தூரம் இருக்கிறதா என்று நீங்கள் சிரிக்கலாம். திருவிழா நாளில் மூடிவிடுங்கள், மற்ற நாளில் ஒலிபெருக்கியை இறக்குங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

தண்ணீர் அழகுதான், ஆனால் நம் நாட்டில் தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது. தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அது கொன்றுவிடக்கூடும். எனவே பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் வெறும் மண் வேண்டாம். நடைபாதையும் புல்லும் இருக்கட்டும், செடிகளை இடுப்பளவு உயரத் தொட்டிகளில் வையுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறவனுக்கும் அப்போதுதான் இலை கைக்கு எட்டும். மழைநீர் சங்கிலி வழியே இறங்கி வடிந்து ஓடிவிடும்படி கூரை விளிம்பைக் கட்டினால், தண்ணீர்ச் சத்தமும் கிடைக்கும், தேக்கமும் இருக்காது. காடேக் வெந்நீர் ஊற்று நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆரோக்கியமானவர்கள் காலை நனைத்துக்கொள்ளட்டும். கீமோவில் இருக்கிற பிள்ளையை “உடம்புக்கு நல்லது” என்று அதில் இறக்கிவிடாதீர்கள்.

கூரைக்கு வெறும் தகரம் போட்டால் மத்தியானம் அடுப்பு, மழை வந்தால் தாய் சொல்வது பிள்ளைக்குக் கேட்காது. அத்தாப்பு கிடைத்தால் அத்தாப்பு, இல்லையென்றால் தகரத்துக்குக் கீழே பலகை அடித்து, விளிம்பை நன்றாக வெளியே நீட்டுங்கள். சாரல் உள்ளே வராது, காற்று வரும். புகைமூட்டக் காலத்துக்கென்று ஓர் அறையை மட்டும் கதவடைக்கும்படி வைத்தால் போதும். தரையில் படி வேண்டாம். ஓர் அடி உயர 12 அடி நீளத்துக்குச் சரிவு விடுங்கள், நாற்காலி எளிதாக ஏறும். சளி உறிஞ்சும் கருவிக்கும் பிராணவாயுக் கருவிக்கும் இரண்டு மின்செருகிகள். ஒரு நல்ல கழிவறை. கழிவறையில் பெரிய பிள்ளையைக் கிடத்தித் துணி மாற்ற ஒரு நீளமான பலகை. இந்தப் பலகை இல்லாத காரணத்தினால் பன்னிரண்டு வயது மகளைக் காரின் பின்சீட்டில் கிடத்தித் துணி மாற்றிய அம்மாவை எனக்குத் தெரியும். அதன்பிறகு அந்தக் குடும்பம் வெளியே போவதையே நிறுத்திவிட்டது. சுவரில் என்ன படம் வரைவது என்று கூட்டம் போட்டு விவாதிக்கும் நேரத்தில் இந்தப் பலகையை முதலில் அடியுங்கள்.

படம் என்றதும் ஒன்று. பிள்ளைகளுக்கென்றால் உடனே சுவர் முழுதும் கார்ட்டூன், கோமாளி. பிரிட்டனில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் மருத்துவமனை அலங்காரம் பற்றி நான்கு முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ 250 பிள்ளைகளைக் கேட்டார்கள். 2008இல் அந்த முடிவு செய்தியாக வந்தது. கோமாளிப் படம் பிடிக்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெரிய பிள்ளைகளுக்கும் அது பயமாக இருந்தது. சாயத்தைக் குறைத்து, சன்னலை அதிகமாக்குங்கள். பிளாஸ்டிக் புல் விரித்து, நீர்வீழ்ச்சிப் படம் ஒட்டி “இயற்கைச் சூழல்” என்று பலகை மாட்டுவதாக இருந்தால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அடுப்பு வேண்டும். இதை நான் வலியுறுத்துகிறேன். பிரிட்டனில் 1996இல் எடின்பரோவில் தொடங்கிய மேகிஸ் மையங்கள் புற்றுநோயாளிகளுக்கானவை. அங்கே நுழைந்ததும் வரவேற்பு மேசை கிடையாது, சமையலறை மேசைதான். மும்பையில் 2006இல் தொடங்கி இன்று சென்னை வரை பரவியிருக்கும் செயின்ட் ஜூட் இல்லங்களில், சிகிச்சைக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்கள் பொதுச் சமையலறையில் தாங்களே சமைத்துக்கொள்கின்றன. வாரக்கணக்கில் வார்டில் உட்கார்ந்திருந்த தாய்க்கு, தன் கையால் ஒரு ரசம் வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதில் ஒரு தெம்பு வரும். பக்கத்து அடுப்பில் இன்னொரு தாய் இருப்பாள். இரண்டு பேரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசிக்கொள்வதை எந்த ஆலோசகராலும் கேட்டு வாங்க முடியாது. தேநீர் போட ஒரு கெட்டில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

அப்பாக்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் இடம் வையுங்கள். அண்ணனுக்கு நோய் என்றால் தங்கையைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுகிறோம். அவள் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறாள், யாரும் அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு ஓர் ஊஞ்சல் போதும். அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தொட்டிக்கு மண் போடுவது, வேலிக்குச் சாயம் அடிப்பது. ஷிஃப்ட் முடிந்து வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் கைப்பேசியை உருட்டுகிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மகன் பார்த்துக்கொண்டிருக்க அப்பா ஒரு ஆணி அடித்தால் பேச்சு தானாக வரும்.

இன்னொன்று, உங்களுக்குக் கசக்கலாம். அங்கே படமெடுக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் பிள்ளை நடுவில், மாதிரிக் காசோலை முன்னால், பின்னால் பத்துப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் நம் நாளேடுகளில் வராத வாரமில்லை. கொடுத்தவர் பெயரை ஒரு சின்னப் பலகையில் எழுதி வாசலில் வையுங்கள், மறுப்பில்லை. பிள்ளையை விட்டுவிடுங்கள். “என்ன நோய்?”, “எத்தனை நாள் சொல்லியிருக்கிறார்கள்?”, “ஜாதகம் பார்த்தீர்களா?” என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வேலிக்குள் இடமில்லை என்று எழுதி மாட்டுங்கள். ஆறுதல் சொல்ல வருகிறோம் என்று ஆப்பிளும் ஹார்லிக்சும் தூக்கிக்கொண்டு வந்து, பெற்றவள் எதிரே அழுதுவிட்டுப் போகிறவர்களால்தான் பல குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் தெரியும். பல ஆலயங்களுக்கு நிலம் சொந்தமில்லை. தோட்ட நிர்வாகத்தின் நிலம், அல்லது மாநில அரசின் நிலம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கல்லும் வைக்காதீர்கள், நாளை இடித்தால் பிள்ளைகள்தான் ஏமாறுவார்கள். பட்டா உள்ள ஆலயமோ, அனுமதி பெற முடிகிற பள்ளியோ ஒன்று இந்த மாவட்டத்தில் போதும். அலோர் காஜா நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து முறைப்படி செய்யுங்கள். மாணவர் குறைந்து வகுப்பறை காலியாகும் தமிழ்ப்பள்ளிகள் இதை யோசிக்கலாம். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள் என்று தொடங்கினால்கூடப் போதும். யார் வேண்டுமானாலும் வரட்டும். மலாய்க் குடும்பமோ சீனக் குடும்பமோ வந்தால் அவர்களுக்கும் அதே நிழல்தான். யார் பார்த்துக்கொள்வது என்றால், பழைய வழிதான்: ஓர் ஆயாவைச் சம்பளத்துக்கு வையுங்கள். தொண்டர்கள் மூன்று மாதம் வருவார்கள், நான்காம் மாதம் கல்யாண சீசன் வந்துவிடும். சம்பளத்துக்கு இருப்பவர்தான் கழிவறையைத் தினமும் கழுவுவார். மருத்துவத் தரப்பில் வழிகாட்டவும் ஆள் உண்டு. சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையை வகுத்திருக்கிறது. கோலாலம்பூரில் 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்கிறது. எழுதிக் கேளுங்கள்.

நோய்த்தணிப்பு என்றதும் சாகப்போகிறவர்களுக்கு என்று நம்மவர்கள் முகம் வாடிவிடும். அது நோய் தெரிந்த நாளிலிருந்தே, சிகிச்சை நடக்கும்போதே, கூடவே தரப்பட வேண்டியது என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வருகிற பிள்ளைகளில் பலர் குணமாகிப் பள்ளிக்குப் போவார்கள். சிலர் போகமாட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இடம் கொடுத்த பிறகு ஒரு நாள் அது நடக்கும். அன்றைக்கு “கோயிலுக்குத் தீட்டு” என்று யாராவது கிளம்பக் கூடாது. இப்போதே நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் உங்கள் வட்டாரத்தில் நோயுற்ற பிள்ளை இருக்கிற ஒரு வீட்டுக்குப் போய், பெற்றோரின் சம்மதத்தோடு, அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்: வெளியே கூட்டிப்போனால் எதைப் பார்க்க வேண்டும் உனக்கு? அது சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, அதை வைத்து வரைபடம் போடுங்கள். கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுப்பணி நாளைச் சொல்லி அனுப்பினால் நானும் வருகிறேன். கழிவறைப் பலகையின் நீளத்தை நானே அளந்து தருகிறேன்.

இப்படிக்கு,
காடேக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த, ஓய்வு பெற்ற ஒரு தாதி